ஒத்துக்காத மாத்திரையும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஊரும்

மாதத்தின் முதல் வாரம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கல். விசைத்தறிப் பட்டறையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், காதில் இன்னும் தறிச்சத்தம் ஓட, நாலாக மடித்த சீட்டை நீட்டுகிறார்.

“சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடுங்க. அந்தக் கொழுப்பு மாத்திரைய மட்டும் எடுத்துப்போடுங்க.”

“ஏனுங்க?”

“ஒத்துக்கலைங்க. கெண்டைக்கால் ரெண்டும் கடுக்குது.”

“டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னா வைவாருங்க.”

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மூன்றில் இரண்டு மாத்திரைகள் கவருக்குள் போயின. மூன்றாவது அலமாரியிலேயே தங்கிவிட்டது. எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு இது தெரியாது. வீட்டில் சமைக்கிறவருக்கும் தெரியாது. அடுத்த முறை மார்பில் பாரம் ஏறும் நாளில்தான் எல்லோருக்கும் தெரியவரும்.

ராசிபுரத்திலும் சங்ககிரியிலும் ஆத்தூரிலும் எடப்பாடியிலும் இதே பேச்சு வேறு வேறு வார்த்தைகளில் நடக்கிறது. தலைச்சுமை தூக்குகிறவர் தோள் வலி என்கிறார். லாரி ஓட்டுகிறவர் தொடை வலி என்கிறார். வயதான அம்மா ‘உடம்பெல்லாம் அசதி’ என்கிறார். முடிவு ஒன்றுதான்: யாரிடமும் சொல்லாமல் மாத்திரை நிற்கிறது. கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவது ஒருவருடைய உடம்புச் சமாச்சாரம். அதை வெளியே சொல்ல முடியாமல் போவது ஊர்ச் சமாச்சாரம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

அரிசிப் பூஞ்சையில் கிடைத்த மருந்து

இந்த மாத்திரைகளின் கதை அரிசியில் தொடங்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சோதித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சையில்தான், கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதைத் தடுக்கும் பொருள் கிடைத்தது. அந்த வழியில் வந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் ஊர் மெடிக்கல்களில் கிடைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் அதன் வாரிசுகள்.

எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. லட்சக்கணக்கானவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு இது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கும் பைபாஸ் செய்தவருக்கும் இந்த மாத்திரை குழாய் மறுபடி அடைபடாமல் காக்கும் காவல். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் 14 மாத்திரைகளில் எட்டு, அடோர்வாஸ்டாட்டின்தான். ஆபத்து வேளையில் எட்டு மாத்திரை கொடுத்துக் காப்பாற்றுகிறோம். அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் தினம் ஒரு மாத்திரை ஏன் நின்றுபோனது என்று கேட்பதில்லை.

இந்த நோய் நமக்கு அந்நியமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2014இல் வெளியானபோது, சோதிக்கப்பட்ட நான்கு மாநில, யூனியன் பகுதிகளில் அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மிகுதியாக இருந்தது தமிழ்நாட்டில்தான்: நூற்றுக்கு 18 பேர்.

வலி தறியிலா, மாத்திரையிலா?

எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு மணி நேரம் தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்து, அறுந்த இழையைக் குனிந்து முடிச்சுப் போடுகிறவருக்குக் கெண்டைக்கால் கடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வலிக்குக் காரணம் தறியா, மாத்திரையா என்று அவரால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவராலும் ஒரே பார்வையில் சொல்ல முடியாது.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். பக்க விளைவால் மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டு, ஓராண்டுக்குச் சில மாதம் உண்மை மாத்திரையும், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும், சில மாதம் எதுவும் இல்லாமலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். மாத்திரை இருந்த மாதங்களில் எது உண்மை, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. உண்மை மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் பட்ட அவதியில் 90 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது. 2020இல் வெளியான இந்த முடிவைப் பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். 2022இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வும் இதையே சொன்னது: மருந்து சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசைவலி. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு.

இதைக் கேட்டவுடன், “அப்படின்னா எல்லாம் மனப்பிரமை” என்று நோயாளியின் வாயை அடைப்பது பெரிய தவறு. வெற்று மாத்திரையில் வந்த வலியும் வலிதான். பயமும் எதிர்பார்ப்பும் உடம்பில் உண்டாக்கும் வலி அது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த மருட்சியை ஊட்டியவர்கள் நாம்தான். பக்கத்து வீட்டார், வாட்ஸ்அப், ‘அந்த மாத்திரை கிட்னியைத் தின்னுடும்’ என்று சொல்லும் உறவினர், எல்லோரும் அதில் சேர்த்தி. அதோடு, உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். உலகம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் சுமார் 9 சதவீதம் என்றது. நூறில் ஒன்பது பேர் என்பது ஒரு தெருவில் ஓரிரண்டு வீடு. ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணிக்கை இல்லை.

எனவே வலி என்று ஒருவர் சொன்னால், அதை நம்பித் தொடங்க வேண்டும். காரணத்தைத் தேடி முடிக்க வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். தைராய்டைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வைட்டமின் டி குறைவு, தினசரிக் குடி, சில ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சைக்கான சில மாத்திரைகள், எல்லாமே வலியைத் தூண்டலாம். தசை சிதைகிறதா என்று பார்க்க சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, படியேற முடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது மிக அரிது. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

ஒரு கதவு சாத்தினால்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இரண்டே வழி என்று பலரும் நினைக்கிறார்கள்: பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. இவற்றுக்கு நடுவே சில படிகள் இருக்கின்றன.

முதல் படி, மருத்துவர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பது. வலி போகாவிட்டால் குற்றவாளி மாத்திரை இல்லை. போனால், குறைந்த அளவில், அல்லது அதே குடும்பத்தின் வேறொரு மாத்திரையில் மீண்டும் தொடங்கலாம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எல்லாமும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது என்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. அது உடம்பில் நெடுநேரம் இருப்பதால் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது படி, அளவைக் கூட்டுவதற்குப் பதில் துணை சேர்ப்பது. இந்த மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைவது ஆறு சதவீதம் போலத்தான். பக்க விளைவுக்கான வாய்ப்பு மட்டும் ஏறும். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசிட்டிமைப் என்ற பழைய, மலிவான மாத்திரையைச் சேர்த்தால் இருபது சதவீதம் வரை குறையும். தென்கொரியாவில் 3,780 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தனியாகச் சாப்பிட்டவர்களையும், 10 மில்லிகிராமுடன் எசிட்டிமைப் சேர்த்துச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பலன் குறையவில்லை, ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்கள் அல்லது குறைத்தவர்கள் 8.2 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தார்கள்.

மூன்றாவது படி, பெம்பிடோயிக் அமிலம். இதுவும் கல்லீரலில்தான் வேலை செய்கிறது. ஆனால் தசையில் இது விழிப்பதே இல்லை. அதனால் தசைவலிக்காரர்களுக்கு ஏற்றது. மாத்திரை ஒத்துக்கொள்ளாத 13,970 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய ஆபத்துகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் அமிலம் ஏறலாம், பித்தப்பைக் கல் வரலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்தியாவிலேயே தயாராகி விற்பனையில் இருக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட முதல் கொழுப்பு வழிகாட்டியும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசிட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் போன்றவற்றைத்தான் சொல்கிறது. அதற்கும் மேலே, ஆண்டுக்கு இருமுறை போடும் இன்கிளிசிரான் போன்ற ஊசிகள் இருக்கின்றன. அவற்றின் விலை தறி ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, தறி வைத்திருப்பவருக்கே கனவுதான்.

அதே வழிகாட்டி இன்னொரு நல்ல செய்தியும் சொன்னது: வழக்கமான கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. அரை நாள் கூலி போகும் என்ற பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஷிப்ட் முடிந்தும் வரலாம்.

படிகளை விட்டுவிட்டுப் பலர் தாவும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. ‘இயற்கை’ என்று அச்சடித்த டப்பாக்கள். அவற்றில் ஒன்று சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதிலும் ஒரு பூஞ்சைதான். அது தரும் மொனாக்கோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். எந்த மாத்திரைக்குப் பயந்து ஓடினாரோ அதே மருந்தை, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது.

முட்டை ஊரின் தட்டு

மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்குத் தட்டில் இருப்பது இரட்டிப்பு முக்கியம். இங்கேதான் நம் சமவெளி, தன்னைத் தானே கொஞ்சம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கும் மேல் முட்டை. அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் குழந்தைகள் தட்டில் விழும் முட்டையும் பெரும்பாலும் நம் பண்ணைகளிலிருந்து போவதுதான். அந்த ஊரிலேயே, கொழுப்பு என்று மருத்துவர் சொன்னவுடன் வீட்டில் முதலில் நிற்பது முட்டை. மஞ்சள் கரு குப்பைக்குப் போகிறது. ஒரு பெரிய முட்டையின் கருவில் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது நம் கல்லீரல். அதைத் தூண்டுவதில் உணவுக் கொலஸ்ட்ராலைவிடப் பெரிய பங்கு நிறைகொழுப்புக்கு. 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015இல் எடுத்துவிட்டது. சர்க்கரையும் மிகை எல்டிஎல்லும் உள்ளவர் எத்தனை கரு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்; அதுவரை எல்லாப் பழியையும் கோழி மேல் போட்டுவிட்டு, அதே சட்டியில் ஊற்றும் எண்ணெயை மறந்துவிடக் கூடாது.

எண்ணெய்க்கு வருவோம். நியாயவிலைக் கடையில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது பாமாயில். அதில் ஏறத்தாழ பாதி நிறைகொழுப்பு. நம் கொல்லையில் விளையும் நிலக்கடலையின் எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. கடலைக்காட்டில் வேலை செய்து கடலை எண்ணெய் வாங்க முடியாமல் பாமாயில் பாக்கெட்டோடு வீடு திரும்பும் கூலிக்காரரைக் குறை சொல்லி யாருக்கு என்ன பயன்? கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நியாயவிலைக் கடைக்கு வர வேண்டும் என்று விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு பாமாயிலைவிடவும் அதிகம் என்பதால், இதயக் கணக்கில் கடலை எண்ணெய்க்குத்தான் முதலிடம். பாமாயிலை ஒரேயடியாக நிறுத்தினால் ஏழை வீட்டு அடுப்பு அணையும். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்குக் கடலை எண்ணெய் என்ற விருப்பத் தேர்வைச் சோதனையாகவாவது நம் இரண்டு மாவட்டங்களில் தொடங்கலாம். விளைவதும் இங்கே, செக்கு ஓடுவதும் இங்கே.

எந்த எண்ணெயானாலும் அளவு ஒன்று உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 25 மில்லி. அதற்கு மேல் போகிறதா என்று அடுப்படியில் பாட்டிலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், லேப் தேவையில்லை.

வெளியே விற்கும் பண்டத்துக்கும் சட்டம் இருக்கிறது. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதி. மீண்டும் மீண்டும் சுட வைத்த எண்ணெயில் கெட்டுப்போன பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே கொதிக்கும் சட்டியில், காலையில் ஊற்றியதன் மேலேயே புதிது ஊற்றி நிரப்புவதை எல்லோரும் பார்க்கிறோம். சேலத்துக்காரர் பெருமையாகச் சொல்லும் தட்டுவடை செட்டில் பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் இருப்பது நல்ல சங்கதி. தட்டை பொரிந்த எண்ணெய் எத்தனையாவது நாளுடையது என்பதுதான் கேள்வி.

மருந்துக்கு இணையாக உணவு வேலை செய்யுமா? கனடாவின் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 46 பேரிடம் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவு சுவையானது. பாதாம், சோயா, ஓட்ஸ், பார்லி, இசப்கோல், தாவர ஸ்டெரால் இவற்றோடு, வழவழப்பான நார்ச்சத்துக்காக அவர்கள் தட்டில் வைத்த காய்கள் வெண்டைக்காயும் கத்தரிக்காயும்! ஒரே மாதத்தில் கெட்ட கொழுப்பு 28.6 சதவீதம் இறங்கியது; லோவாஸ்டாட்டின் சாப்பிட்ட குழுவுக்கு 30.9. கட்டுப்பாடான சோதனையில் சமைத்துக் கொடுத்துக் கிடைத்த பலன் அது. வீட்டில் அவ்வளவு வராது. பாதிதான் வந்தாலும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு அது பெரிய கை. பாதாமுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஓட்ஸுக்குப் பக்கத்தில் கொள்ளும் தட்டைப்பயறும், கொல்லிமலையின் சாமையும் தினையும் என்று நம் சந்தையிலேயே இந்தத் தட்டைக் கட்டலாம். வெள்ளைச் சோற்று மலையும் ஜவ்வரிசியும் சர்க்கரையும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடை ஏற்றுபவை. அவையும் குறைய வேண்டும். நம் ஊர் தொழிலுக்கு ஜவ்வரிசி சோறு போடலாம். நோயாளியின் தட்டில் அது கொஞ்சமாக இருக்கட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஸ்டென்ட் வைத்தவரும், எல்டிஎல் 190க்கு மேல் உள்ளவரும் வெண்டைக்காயை நம்பி மாத்திரையை விடக் கூடாது. அவர்களுக்கு உணவு துணை, மருந்துதான் முதல்.

ரத்தத்தில் வரும் சொத்து

எவ்வளவு பத்தியம் இருந்தாலும் சிலருக்குக் கொழுப்பு இறங்காது. கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுக்கும் கல்லீரலின் கைகள் பிறவியிலேயே குறைவாக இருக்கும் பரம்பரை நோய் அது. அந்தக் கைகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் பெண் எடுக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்துக்குள். கண் இமையில் மஞ்சள் படிவு, குதிகால் தசைநாணில் தடிப்பு, ஐம்பது வயதுக்குள் வீட்டில் மாரடைப்புச் சாவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒருவருக்கு மட்டுமல்ல, அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். சொத்துப் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் இதையும் குடும்பமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

யார் எதை ஒத்துக்கொள்வது?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ஒரு காலத்தில் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வாசற்படிக்கே வருகின்றன. 2020இல் ரத்த அழுத்த நோயாளிகளில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சில ஆண்டுகளில் அது 17 சதவீதமாக ஏறியது. எண்ணத் தொடங்கினால் மாற்றலாம் என்பதற்கு அது அத்தாட்சி. அடுத்து கொழுப்பையும் எண்ண வேண்டும். வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர் “மாத்திரை இருக்குதா?” என்று கேட்பதோடு “எதாவது ஒத்துக்கலையா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும், மெடிக்கல் அலமாரியில் தங்கிப்போன மூன்றாவது மாத்திரை வெளியே தெரிந்துவிடும்.

அரசு ஒத்துக்கொள்ள வேண்டியது: அடைப்பு வந்தபின் ஸ்டென்ட்டுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் தருகிறோம்; அடைப்பு வராமல் தடுக்கும் இரண்டாவது மருந்தை நோயாளி கைக்காசில் வாங்குகிறார். அடோர்வாஸ்டாட்டின் கிடைப்பதுபோல் எசிட்டிமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வரவேண்டும். முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் பெம்பிடோயிக் அமிலம் மலிவு விலையில் எப்போதும் இருக்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, 2022இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இரண்டிலும் வாரம் ஒரு நாள், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்றே ஒரு புறநோயாளி நேரம் ஒதுக்கலாம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஒரு மேசை, காது கொடுக்கும் ஒரு மருத்துவர்.

மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியது: வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது பொறுமை குறைவது இயல்பு. ஆனால் ‘சொன்னா வைவாரு’ என்ற பயம்தான் மாத்திரையை நிறுத்துகிறது, தசைவலி அடுத்தபடிதான். எழுதிக் கொடுக்கும் அன்றே, “வலி வந்தா நிறுத்தாம எங்கிட்ட வாங்க, வேற வழி இருக்குது” என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

மெடிக்கல்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியது: சீட்டில் ஒரு மாத்திரை குறைவது உங்களுக்கு வியாபாரக் கணக்கில் சிறு கோடு, அதை முதலில் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்தச் சீட்டின் பின்னால் “கொழுப்பு மாத்திரை நிறுத்தியிருக்கிறார்” என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை மருத்துவர் கண்ணில் படும்.

கடைக்காரர்கள் எண்ணெயை மாற்ற ஒத்துக்கொள்ளட்டும். பஞ்சாயத்துகளும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் அதைச் சோதிக்க ஒத்துக்கொள்ளட்டும். கோழிப்பண்ணை அமைப்புகள் முட்டையின் நன்மையைச் சொல்லும் அதே மேடையில், யார் அளவோடு சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லட்டும். நம்பிக்கை கூடுமே தவிர விற்பனை குறையாது. வீட்டில் ஒருவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். அவருக்கு நல்லது எல்லோருக்கும் நல்லது. அவர் மட்டும் தனித்தட்டில் சப்பென்று சாப்பிட்டால் பத்தே நாளில் விட்டுவிடுவார்.

கடைசியாக, மாத்திரை சாப்பிடுகிறவர் ஒத்துக்கொள்ள வேண்டியது. வலி எந்த நாள் தொடங்கியது, எந்தத் தசையில், அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். கூடவே நாட்டு மருந்தோ டப்பா மருந்தோ சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குச் சமம்.

இந்த மாதம் மெடிக்கலுக்குப் போகும்போது, சீட்டிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப்போடச் சொல்லும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஒத்துக்கலைங்க’ என்ற சொல் தவறான ஆளிடம் போய்ச் சேரப் போகிறது. அதை எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். வைதாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.